பாஸ் சண்டை சப்பென்று போகிறதா? அறிகுறியைப் பார்த்துக் கை வையுங்கள்

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் டைஸ் உருள ஆரம்பித்துவிடும். ஐந்து பிளேயர்கள், டிஎம்மாக (டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையை நடத்தி எதிரிகளை ஆட்டுகிறவர்) நான். இரண்டு பேர் புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் என்பதால் ஒன்பது மணிக்குள் முடித்தாக வேண்டும். ஆடுவது, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் போய் டைஸ் போட்டு ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஐந்தாம் பதிப்பு, 2014-இல் வந்த விதிகள். மாதக்கணக்கில் கதை நடத்திக் கடைசியில் ஒரு பெரிய எதிரியை, அதாவது பாஸைக் கொண்டுவந்து நிறுத்தும்போது அது நமுத்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டால் டிஎம்முக்கு வருகிற வருத்தம் சொல்லி மாளாது. அந்த வருத்தத்தைப் பட்டவன் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன்.

என் பாஸின் பெயர் கொள்ளிவாய். நம் பக்கத்துப் பாட்டிகள் எல்லாரும் சொன்ன பிசாசுதான்: இருட்டில், ஈரமான நிலத்தில், வாயில் கொள்ளிக்கட்டையோடு அலைவது. சதுப்பில் மக்கிய இலைதழையிலிருந்து கிளம்பும் வாயு தீப்பிடித்து எரிவதைத்தான் அப்படிச் சொன்னார்கள் என்று பிற்பாடு பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். பிசாசும் உண்டு, வாயுவும் உண்டு. இடம், பிச்சாவரம் போன்ற ஒரு சுரபுன்னைக் காடு. படகில் ஒருமுறை போய்விட்டு வந்தாலே அந்த இடம் சண்டைக்கென்று செய்ததுபோல இருப்பது புரியும். ஒரு ஆள் குனிந்து போகிற அளவு குறுகிய வாய்க்கால்கள், தண்ணீருக்கு மேலே வில்லாக வளைந்து ஊன்றிய வேர்கள், நின்றால் முழங்கால்வரை இழுக்கும் சேறு.

இதே கொள்ளிவாயை மூன்று குழுக்களோடு, மூன்று விதமாக நடத்திப் பார்த்தேன். எல்லாமே 7-ஆம் லெவல், ஐந்து பேர். முதல் முறை இரண்டாவது ரவுண்டில் (எல்லாருக்கும் ஒரு டர்ன் வந்து முடிந்தால் ஒரு ரவுண்டு) செத்தது. இரண்டாம் முறை சாகவே மாட்டேன் என்றது. மூன்றாம் முறைதான் சண்டை சண்டையாக நடந்தது.

பாஸைத் திருத்த உட்கார்ந்தால் எல்லாரும் முதலில் கை வைப்பது ஹெச்பியில், அதாவது எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்ணில். சீக்கிரம் செத்ததா, ஏற்று. இழுத்ததா, இறக்கு. பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது. யாருக்கு எத்தனை தடவை வாய்ப்பு வருகிறது, நடப்பதில் எவ்வளவு பிளேயர்களின் கண்ணுக்குத் தெரிகிறது, இந்த இரண்டு இடத்தில்தான் இருக்கும். ஹெச்பியைக் கடைசியில் தொடுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. அடுத்த இரண்டு சாதாரணச் சண்டைகளில் ஒரு நோட்டில் மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை ரவுண்டு போனது, ஒரு ரவுண்டில் எல்லாரும் சேர்ந்து எவ்வளவு டேமேஜ் கொடுத்தார்கள், ஒரு ரவுண்டுக்கு எத்தனை நிமிடம் ஆனது. எங்கள் மாடியில் அது சராசரியாக ரவுண்டுக்கு 55 டேமேஜ், 20 நிமிடம். இனி வருகிற கணக்கெல்லாம் இதை வைத்துத்தான். உங்கள் எண் வேறாக இருக்கும், அதைக் குறித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அறிகுறி: இரண்டாவது ரவுண்டிலேயே செத்துப்போகிறது

முதல் கொள்ளிவாய்க்கு 130 ஹெச்பி. மூன்று ரவுண்டாவது நிற்கும் என்று நினைத்தேன். இரண்டாம் ரவுண்டு முடிவதற்குள், "அண்ணா, செத்துடுச்சா? நெஜமாவா?" என்று தம்பி ஒருவன் கேட்டான். அவன் குரலில் சந்தோஷமே இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது. ஜெயித்தவனுக்கே ஏமாற்றம்.

முதலில் பார்க்க வேண்டியது, ஒரு ரவுண்டில் இரண்டு பக்கமும் எத்தனை தடவை செயல்படுகிறது என்பது. பிளேயர் பக்கம் ஐந்து டர்ன். அதற்குள் ஃபைட்டருக்கு இரண்டு அடி, சிலருக்குக் கூடுதல் செயலாக போனஸ் ஆக்‌ஷன். பாஸ் பக்கம் ஒரே ஒரு டர்ன். ஒருவன் ஒரு தடவை கையை ஓங்குவதற்குள் ஐந்து பேர் சூழ்ந்து அடித்தால் அவன் எவ்வளவு பெரிய பூதமாக இருந்தால் என்ன?

இதற்கு விதிப்புத்தகத்திலேயே மருந்து இருக்கிறது. லெஜண்டரி ஆக்‌ஷன் என்பது ரவுண்டுக்கு மூன்று. இன்னொருவர் டர்ன் முடிகிற இடத்தில் பாஸ் ஒன்றைச் செலவழிக்கலாம், தன் டர்ன் தொடங்கும்போது மூன்றும் திரும்பிவிடும். அதோடு, பாஸின் இருப்பிடத்துக்கென்று உள்ள லேர் ஆக்‌ஷன்: இனிஷியேட்டிவ் (யார் முதலில் என்ற வரிசை எண்) 20 வரும்போது அந்த இடமே ஒரு காரியம் செய்யும். ஆக பாஸின் டர்ன் ஒன்று, லெஜண்டரி மூன்று, லேர் ஒன்று, மொத்தம் ஐந்து. ஐந்து பிளேயர்களுக்கு ஐந்து. தராசு நிமிர்ந்துவிட்டது, ஒரு ஹெச்பிகூட ஏற்றவில்லை.

ஆனால் இந்த மூன்றையும் வெறும் அடியாக வைத்துவிடாதீர்கள். "வாலால் ஒரு அடி, இன்னொரு அடி, இன்னொரு அடி" என்றால் அது நீளமான டர்ன்தான். என் கொள்ளிவாய்க்கு ஒரு லெஜண்டரி ஆக்‌ஷன் இடம் மாறுவது. தரையில் ஏழு கட்டங்களில் சேறு குமிழி விட்டுக்கொண்டிருக்கும். ஒரு குமிழிக் கட்டத்தில் அமுங்கி இன்னொன்றில் எழும்பும். மாடியில் ஏற்கெனவே டைல்ஸ் சதுரம் சதுரமாக இருக்கிறது. குமிழிக் கட்டங்களுக்கு மட்டும் கோலமாவில் ஒரு வட்டம் போட்டேன். ஒவ்வொருவர் டர்ன் முடிந்ததும் அது எங்கே எழும்புமோ என்று எல்லார் கண்ணும் அந்த ஏழு வட்டத்தில் போய் நிற்கும். தன் டர்ன் வரும்வரை போனை நோண்டுகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. அன்றைக்கு இருக்கிற ஒரே சண்டை இதுதான் என்று பிளேயர்களுக்குத் தெரிந்தால், வைத்திருக்கிற பெரிய ஸ்பெல் (மந்திரம்) அத்தனையையும் முதல் இரண்டு ரவுண்டில் கொட்டிவிடுவார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. பாஸை அடைவதற்கு முன்னால் வழியிலேயே கொஞ்சம் செலவழிக்க வையுங்கள். சண்டையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வாய்க்காலில் கவிழ்ந்த படகிலிருந்து இரண்டு மீனவர்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தால் அதற்கே இரண்டு ஸ்பெல் போய்விடும், அதுவும் மனமுவந்து.

அறிகுறி: சாகவே மாட்டேன் என்கிறது

இது என் இரண்டாவது கொள்ளிவாய். முதல் தடவை பட்ட அடியில், லெஜண்டரி ஆக்‌ஷன் எதையும் யோசிக்காமல் ஹெச்பியை 300 ஆக்கினேன். ஆர்மர் கிளாஸை, அதாவது அடி படுவதற்கு எட்ட வேண்டிய எண்ணை, 16-இலிருந்து 19-க்கு ஏற்றினேன். இரண்டும் தனித்தனியாகப் பார்த்தால் சின்ன மாற்றம். சேர்ந்து என்ன செய்தன என்று பாருங்கள்.

7-ஆம் லெவலில் அடிப்பவருக்கு, 20 முக டைஸில் விழும் எண்ணோடு கூட்டிக்கொள்ள +7 இருக்கும். ஆர்மர் கிளாஸ் 16 என்றால் டைஸில் 9 விழுந்தால் போதும், அதாவது 100-க்கு 60 தடவை அடி படும். 19 என்றால் 12 விழ வேண்டும், 100-க்கு 45. அங்கேயே கால் பங்கு போய்விட்டது. 55 டேமேஜ் கொடுக்கும் குழு 41-தான் கொடுக்கும். 300-ஐ 41-ஆல் வகுத்தால் எட்டாவது ரவுண்டில்தான் முடியும். ரவுண்டுக்கு 20 நிமிடம் என்றால் 160 நிமிடம். எட்டரைக்குப் புதுச்சேரிக்காரர்கள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டே டைஸ் போட்டார்கள்.

நேரத்தைவிட மோசமானது இன்னொன்று. ஆர்மர் கிளாஸ் 19 இருக்கும்போது ஒரே அடி வைத்திருக்கும் பிளேயர் அடுத்தடுத்து இரண்டு டர்ன் தவறவிடுவதற்கு 100-க்கு 30 வாய்ப்பு. அப்படித் தவறவிட்டவர் நாற்பது நிமிடம் ஆட்டத்தில் எதுவுமே செய்யவில்லை. "அடிச்சேன், படல. அடிச்சேன், படல." இதைச் சொல்வதற்கா அக்கா அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தார்?

அதனால் பாஸ் கெட்டியாக இருக்க வேண்டும் என்றால் ஆர்மர் கிளாஸைக் குறைவாக விடுங்கள், ஹெச்பியை மட்டும் கொஞ்சம் ஏற்றுங்கள். அடி படட்டும். பட்ட அடிக்கு ஒரு சத்தம், ஒரு தீப்பொறி, ஒரு பதில் இருக்கட்டும். எத்தனை ஹெச்பி என்பதற்கு என் கணக்கு: நாலு ரவுண்டு ஓட வேண்டும் என்றால் 55-ஐ நாலால் பெருக்கி 220. அதில் கொஞ்சம் அடி சில்லறை எதிரிகள்மேல் போகும், அதைக் கழித்து 180. நாலு ரவுண்டு, 80 நிமிடம். என் மூன்றாவது கொள்ளிவாய்க்கு இதுதான்: 180 ஹெச்பி, ஆர்மர் கிளாஸ் 16.

சண்டை நடுவில் இருக்கும்போது ஹெச்பியை மறைவாக ஏற்றுவது, இறக்குவது பற்றிப் பலர் பலவிதம் சொல்வார்கள். நான் செய்வதில்லை. ஒருமுறை பிளேயர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் அதற்கப்புறம் அவர்கள் போடும் டைஸுக்கு மதிப்பில்லை. திருத்தம் எல்லாம் சனிக்கிழமை வருவதற்குள் முடிந்துவிட வேண்டும். சண்டை இழுத்துவிட்டதா, பாஸ் ஓடிப்போகட்டும், அல்லது பேரம் பேசட்டும். அது கதைக்குள் நடக்கிற விஷயம், ஏமாற்று இல்லை.

அறிகுறி: ஒரே ஸ்பெல்லில் கதை முடிகிறது

பாலிமார்ஃப், எதிரியை வேறொரு பிராணியாக மாற்றிவிடும் ஸ்பெல். முதல் கொள்ளிவாய் செத்தது டேமேஜில். இரண்டாவது கொள்ளிவாய் மூன்றாம் ரவுண்டில் ஆமையானது. ஸ்பெல்லிலிருந்து தப்பிக்கப் போடும் டைஸான விஸ்டம் சேவ் +2, எட்ட வேண்டியது 15. டைஸில் 13 வேண்டும், அதாவது 100-க்கு 60 தடவை தோற்கும். நான் இதை முன்னாடியே கணக்குப் போட்டிருக்க வேண்டும். எல்லாரும் ஆமையைச் சுற்றி நின்று காயத்தை ஆற்றிக்கொண்டு, ஆயுதத்தைத் தயார் பண்ணிக்கொண்டார்கள். அப்புறம் அது கொள்ளிவாயாகத் திரும்பி மறுபடி ஐந்து ரவுண்டு இழுத்தது தனிக்கதை.

இதற்கும் புத்தகத்தில் மருந்து உண்டு: லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ். ஒரு நாளைக்கு மூன்று தடவை, சேவில் தோற்றாலும் ஜெயித்ததாக வைத்துக்கொள்ளலாம். பாஸைக் காப்பாற்றிவிடும், சந்தேகமே இல்லை. ஆனால் ஸ்பெல் போட்டவர் முகத்தைப் பாருங்கள். நாலாம் லெவல் ஸ்பெல் ஒன்றைக் கொடுத்து, டைஸிலும் ஜெயித்து, "இல்லை, அது தப்பித்துவிட்டது" என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த டர்ன் காற்றில் போயிற்று.

நான் செய்த மாற்றம் இது. கொள்ளிவாயின் தலையைச் சுற்றி மூன்று கொழுந்து எரியும். தோற்ற சேவை ஜெயித்ததாக மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு கொழுந்து அணையும். அணைய அணைய அதன் தீ மூச்சு குறையும்: 8டி6 (ஆறு முக டைஸ் எட்டு) இருந்தது 6டி6, அப்புறம் 4டி6, கடைசியில் 2டி6. மேசைமேல் மூன்று அகல் விளக்கு ஏற்றி வைத்தேன். முதல் பாலிமார்ஃப் விழுந்ததும் ஒன்றும் பேசாமல் ஒரு விளக்கை விரலால் அணைத்தேன். திரி கருகிய வாசனை வந்தது. "அப்போ இன்னும் ரெண்டு இருக்கு" என்று விசார்ட் (மந்திரவாதி) ஆடுகிறவர் மெதுவாகச் சொன்னார். அந்த நொடியிலிருந்து அவருடைய ஸ்பெல் எதுவும் வீணில்லை. ஸ்பெல் பலித்தாலும் லாபம், விளக்கு அணைந்தாலும் லாபம். (கடற்காற்று பலமாக இருக்கிற நாளில் மாடியில் இது நடக்காது. கூடத்துக்குள் வந்துவிடுங்கள், அல்லது விளக்குக்குப் பதில் மூன்று சோழியை வைத்துக் கவிழ்த்துக்கொள்ளுங்கள். ஆனால் விளக்கு விளக்குதான்.)

அறிகுறி: ஒரு மூச்சில் பாதிப்பேர் விழுந்துவிடுகிறார்கள்

டிராகன் மூச்சு மாதிரியான பெரிய தாக்குதல்களுக்கு விதியில் ஒரு டி6 வைத்திருப்பார்கள். பாஸின் டர்ன் தொடங்கும்போது 5 அல்லது 6 விழுந்தால் மூச்சு திரும்பும். மூன்றில் ஒரு வாய்ப்பு. மூன்று டர்ன் வராமலே போகலாம், அடுத்தடுத்து இரண்டு டர்ன் வந்தும் தொலைக்கலாம். 12டி6 மூச்சின் சராசரி 42. 7-ஆம் லெவல் விசார்டுக்கு, கான்ஸ்டிட்யூஷன் (உடலின் தாங்குதிறன்) +2 இருந்தாலே, ஹெச்பி 44. சராசரிக்கு இரண்டு கூட விழுந்தால் ஆள் காலி. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை, ஒரு முடிவும் எடுக்கவில்லை.

டைஸ் எண்ணிக்கையைக் குறைப்பது பாதி மருந்து. 8டி6 என்றால் சராசரி 28, வலிக்கும், ஆனால் ஒரே அடியில் சாய்க்காது. மீதிப் பாதி, வரப்போவதைக் காட்டுவது. நான் அந்த டி6-ஐயே எடுத்துவிட்டேன். கொள்ளிவாய் தன் டர்னில் வாயை மூடும். அவ்வளவுதான். காட்டில் இருந்த ஒரே வெளிச்சம் அதன் தீ. வாய் மூடியதும் கொழுந்துகளும் ஒடுங்கி முழு இருட்டு, எங்கும் தவளைச் சத்தம்கூட இல்லை, பல்லிடுக்கில் மட்டும் சிவப்பாக ஒரு கோடு. அடுத்த டர்னில் திறக்கும்.

இடையில் ஒரு முழு ரவுண்டு. ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு முடிவு. வேருக்குப் பின்னால் பதுங்கலாம், தண்ணீருக்குள் முங்கலாம், பக்கத்தில் போய்த் தாடையை அமுக்கிப் பிடிக்கலாம், அல்லது நாம்தான் முதலில் அடித்துச் சாய்ப்போம் என்று துணியலாம். யாராவது விழுந்தால் அவர் எடுத்த முடிவால் விழுந்தார். அதில் அவருக்கு வருத்தம் இருக்கும், கோபம் இருக்காது. பாலடின் (புனித வீரர்) ஆடுகிற அக்கா பதுங்க மாட்டேன் என்று எதிரே போய் நின்றதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அறிகுறி: ஒருத்தருக்கு மட்டும் செய்வதற்கு ஒன்றுமில்லை

தீப்பிசாசுக்குத் தீ சுடாது என்பது நியாயம். ஆனால் விசார்ட் எடுத்து வைத்திருப்பதில் பாதி தீ ஸ்பெல். "தீ பலிக்காது" என்று சொல்லிவிட்டால் அவருக்கு ஆட்டம் அங்கேயே முடிந்தது. பறந்துகொண்டே இருக்கும் பாஸ் வந்தால் வாள் வைத்திருப்பவருக்கு இதே கதி.

முழுக் கதவையும் சாத்தாதீர்கள், பக்கத்தில் ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள். தீ கொள்ளிவாய்க்கு வலிக்காது. ஆனால் ஃபயர்பால் விழுந்த இடத்தில் சேற்றுக்குள் இருக்கிற வாயு எரிந்து தீர்ந்துவிடும், அந்தக் குமிழிக் கட்டத்தில் அது இனி எழும்ப முடியாது. ஏழு வட்டத்தில் இரண்டு வட்டம் போயிற்று. வாள் வைத்திருப்பவர் ஒரு குமிழிமேல் காலை அகட்டி நின்றுகொண்டால் அந்த வழியும் அடைபட்டது. இப்போது ஆளாளுக்கு ஒரு வேலை: ஒருவர் எரிக்கிறார், ஒருவர் அடைக்கிறார், மிச்சம் இருக்கிற கட்டத்தைப் பார்த்து ரோக் (பதுங்கி அடிப்பவர்) வில்லை வளைத்துக் காத்திருக்கிறார். நான் யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. கோலமாவு வட்டத்தைக் காலால் அழித்ததைப் பார்த்ததும் அவர்களே பிடித்துக்கொண்டார்கள்.

அறிகுறி: பாதிச் சண்டைக்குமேல் சலிப்பு தட்டுகிறது

முதல் இரண்டு ரவுண்டு பரபரப்பு. அப்புறம் எல்லாரும் கண்டுபிடித்த ஒரே வழியைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். ஹெச்பி குறைகிறது, வேறெதுவும் மாறவில்லை.

இதற்கு நல்ல வழியைக் கடலூர்க்காரர்களுக்கு யாரும் வெளியிலிருந்து சொல்லித் தர வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையேறியது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். புயலின் கண் ஓர் ஊருக்கு மேலே வந்தால் என்ன ஆகும் என்று பெரியவர்களைக் கேளுங்கள். பேய்க்காற்று சட்டென்று நிற்கும். முடிந்துவிட்டது என்று ஆட்கள் வெளியே வருவார்கள். கொஞ்ச நேரத்தில் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து திருப்பி அடிக்கும். முதல் காற்றுக்குத் தாங்கி நின்ற சுவர் இரண்டாவது காற்றில் விழும், ஏனென்றால் அது இந்தப் பக்கத்துக்கு முட்டுக் கொடுக்கப்படவில்லை.

பாஸுக்கு இதைவிட நல்ல வடிவம் எனக்குத் தெரியாது. முன்காற்று, கண், பின்காற்று. கொள்ளிவாயின் ஹெச்பி 90-க்கு இறங்கியதும் கண். இருக்கிற கொழுந்தெல்லாம் தணிந்து, அது சேற்றுக்குள் போய்விடும். ஒரு முழு ரவுண்டு ஒன்றும் நடக்காது. முதலில் சந்தோஷப்படுவார்கள். அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். விழுந்தவரைத் தூக்குவார்கள், காயத்துக்கு மருந்து போடுவார்கள், "எங்க போச்சு?" என்று கிசுகிசுப்பார்கள். டிஎம் வாயைத் திறக்கக் கூடாது. எவ்வளவு ஆசையாக இருந்தாலும் கூடாது.

பின்காற்றில் விதி தலைகீழ். கடல் ஏறுகிறது, உப்புத்தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்து குமிழிக் கட்டங்களை மூடிவிடுகிறது. அவர்கள் பாடுபட்டு அடைத்த வழிகளுக்கு இப்போது வேலையில்லை. கொள்ளிவாய் மரத்துக்கு மேலே இருக்கிறது. அது தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வரக் காரணமான அதே மரம், பிச்சாவரத்தில் இன்றும் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. லேர் ஆக்‌ஷன் இப்போது அதுதான்: கிளை முறிகிறது, கீழே நிற்பவர்கள் கான்ஸ்டிட்யூஷன் சேவ் போட வேண்டும், தோற்றால் அடுத்த டர்ன் முடியும்வரை கண் தெரியாது. கோபத்தில் மரத்தை வெட்டினாலும் பால் தெறிக்கும். மேலே பார்த்துப் போரிட வேண்டும், ஆனால் மேலே பார்ப்பதே ஆபத்து.

பாதி ஹெச்பியை ஒரு எல்லையாக வைப்பது விதிகளுக்கும் புதிதல்ல. 2008-இல் வந்த நாலாம் பதிப்பில் அதற்கென்று ஒரு பெயரே இருந்தது, 2024 விதிகளில் அந்தப் பெயர் திரும்பி வந்திருக்கிறது.

அறிகுறி: பலவீனத்தைக் கண்டுபிடிக்கவே மாட்டேன் என்கிறார்கள்

டிஎம்முக்கு எல்லாம் தெரியும் என்பதால் வருகிற கோளாறு இது. குமிழிதான் அதன் வழி என்பது எனக்கு வெட்டவெளிச்சம். இரண்டாவது குழுவுக்கு அது கடைசிவரை புரியவில்லை. நான் ஒரே ஒரு தடவை, அதுவும் கதைப்போக்கில், "சேறு கொப்பளிக்கிறது" என்று சொன்னதோடு சரி.

ஒரு விஷயம் தெரிய வேண்டுமானால் மூன்று இடத்தில், மூன்று விதமாக வையுங்கள். ஒன்று காதில் விழட்டும், ஒன்று கண்ணில் படட்டும், ஒன்றை அவர்களே தொட்டுப் பார்க்கட்டும். மூன்றாவது குழுவுக்கு நான் வைத்தவை: சதுப்பை நெருங்க நெருங்க அழுகிய முட்டை நாற்றம். அலையாத்திச் சேற்றில் உண்மையிலேயே வருகிற நாற்றம்தான் அது, நேரில் போனவர்கள் உடனே தலையாட்டினார்கள். இரண்டாவது, கரையில் ஒரு குமிழி வெடிக்கும்போது பக்கத்தில் இருந்த பந்தத்தின் தீ சட்டென்று நீளமாவது. மூன்றாவது படகோட்டி. வாய்க்காலில் ஒரு வளைவு வந்ததும் அவர் வாயிலிருந்த பீடியைத் தண்ணீரில் அணைத்துவிடுவார்.

"ஏன் அண்ணே, பாதியிலயே அணைச்சிட்டீங்க?"

"இந்த வளைவத் தாண்டினா நான் நெருப்பு வெச்சிக்கிறதில்ல தம்பி. எங்க அப்பாவும் வெச்சிக்க மாட்டாரு."

மூன்று தடயத்தில் இரண்டைத் தவறவிடுவார்கள். பரவாயில்லை, மூன்றாவது பிடித்துவிடும். என் குழு பிடித்துக்கொண்டது பீடியைத்தான்.

அறிகுறி: அன்றைக்கு ஒருத்தர் வரவில்லை

வேகமாகச் சரிசெய்ய ஒரு வழி: லெஜண்டரி ஆக்‌ஷன் எண்ணிக்கை, வந்திருக்கும் பிளேயர்களில் இரண்டு குறைவு. ஐந்து பேருக்கு மூன்று, நாலு பேருக்கு இரண்டு. ஹெச்பி தலைக்கு 36 என்று வைத்துப் பெருக்குங்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது, நடுவில் இல்லை.

அறிகுறி: பாஸால் முடிகிற காரியத்தை டிஎம்மே மறந்துபோகிறார்

பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தால் மறக்கத்தான் செய்யும். ஒரு போஸ்ட்கார்டு அளவு அட்டையில் அடங்காத பாஸ் மேசைக்கு வரக் கூடாது. என் அட்டையில் இருப்பது: வாயை மூடு, திற, இடம் மாறு, நகத்தால் கீறு, கிளையை முறி. அவ்வளவுதான். சில்லறை எதிரிகளுக்கு ஹெச்பி கணக்கே கிடையாது. ஒரு அடி பட்டால் அணைந்துவிடும் சிறு கொள்ளிகள், புளியங்கொட்டையை வைத்து ஆடினோம். விதிப்புத்தகத்தைத் திறக்காமல் நாலு ரவுண்டு ஓட்ட முடிந்தால் அந்த அட்டை தயார்.

அறிகுறி: செத்த பிறகு எல்லாரும் எழுந்து போய்விடுகிறார்கள்

எக்ஸ்பீரியன்ஸ் பாயின்ட் எவ்வளவு, புதையலில் என்ன என்று கேட்டுவிட்டுச் செருப்பைத் தேடுகிறார்கள் என்றால், பாஸ் செத்ததால் அந்த உலகத்தில் எதுவும் மாறவில்லை என்று அர்த்தம். கடைசி அடியை அடித்தவரையே அது எப்படி நடந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். அவசரப்படுத்தாதீர்கள். எங்கள் ரோக் அம்பு எங்கே தைத்தது, தீ எந்த நிறத்தில் அணைந்தது என்று இரண்டு நிமிடம் சொன்னான். நானாக இருந்தால் அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன். கடைசி விளக்கை அணைக்க அவன் கையிலேயே கொடுத்தேன்.

அதற்கு மேல் எதையாவது மாற்றிக் காட்டுங்கள், சின்னதாக இருந்தாலும் போதும். மணி எட்டே முக்கால். திரும்பி வருகிற வழியில் அதே படகு, அதே வாய்க்கால். வளைவு வந்ததும் படகோட்டி துடுப்பை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, மடியிலிருந்து ஒரு பீடியை எடுத்து, தீக்குச்சியைக் கிழித்தார்.